வெட்டிவேர்த் தண்ணீர்

சிட்டிபாபு அதைத் தோட்டம் என்றுதான் சொல்வார். முதலாளி ஜெயகிருஷ்ணன் 'பெட்' என்பார். குரோம் தொட்டியில் வேலை செய்கிற ஆபேல், "உன் மாமியார் வூடு" என்பான். காலையில் கம்பெனிக்குள் நுழைந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் சிட்டிபாபு அங்கேதான் போய் நிற்பார் என்பதால் அந்தப் பெயர்.

மண்ணிவாக்கத்துக்கு அந்தப் பக்கம், இரும்புச் சாமான்களுக்குக் குரோம் முலாம் பூசுகிற பட்டறை அது. பின்பக்கம், இரண்டு பஸ்ஸை நிறுத்தி வைக்கிற அளவுக்குச் சிமெண்டில் ஒரு தாழ்ந்த தொட்டி. தொட்டி நிறைய ஜல்லி. ஜல்லியில் வெட்டிவேர், ஓரமெல்லாம் கல்வாழை. பட்டறையில் கழுவி விட்ட தண்ணீர், மருந்து போட்டுத் தெளிய வைத்த பிறகும் மஞ்சள் போகாமல், ஒரு முனையில் குழாய் வழியாக உள்ளே வரும். ஜல்லிக்கடியில் ஊர்ந்து, வேர்களுக்குள் புகுந்து புறப்பட்டு, மறு முனையில் வெளியே விழும்போது பளிங்கு மாதிரி இருக்கும். மூன்று வருஷமாகப் பார்த்தும் சிட்டிபாபுவுக்கு அந்த முனையில் கை நீட்டாமல் போக மனசு வராது.

அந்தத் தோட்டம் வந்ததற்கே ஒரு கதை உண்டு. சிட்டிபாபுவின் தெருவில் போர் தண்ணீர் மஞ்சளாக வந்தது. சோறு வடித்தால் சோறு மஞ்சள், துணி துவைத்தால் துணி மஞ்சள். ஜனம் ரோட்டில் உட்கார்ந்தது. முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தவர் சிட்டிபாபு. கம்பெனி நிற்கிற இடமே அவர் அப்பா விற்றதுதான் என்பதால் அவருக்குக் குரல் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. அதிகாரிகள் வந்தார்கள், போனார்கள். ஜெயகிருஷ்ணன் கெட்டிக்காரர். மிருதுளா என்கிற சுற்றுச்சூழல் என்ஜினீயரைக் கூட்டி வந்து தோட்டம் போட்டார், முதல் வரிசையில் உட்கார்ந்தவருக்கு அதில் வேலையும் போட்டுக் கொடுத்தார். சிட்டிபாபு எழுந்ததும் ரோடும் காலியானது.

அதற்காக அவரைக் குறை சொல்ல முடியாது. வேலையில் அவர் காட்டிய அக்கறை பொய்யில்லை. பள்ளிக்கரணை சதுப்பு நிலம் ஊர் அழுக்கையெல்லாம் எப்படி வாங்கிக்கொள்கிறதோ, அதையே சின்னதாக இங்கே செய்கிறோம் என்று மிருதுளா முதல் நாள் விளக்கியதை அவர் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். "செடி விஷத்தைத் தின்னுட்டு நமக்கு நல்ல தண்ணியக் குட்த்துடுது" என்பார். சொல்லும்போது பெற்ற பிள்ளை பாஸான மாதிரி முகம் மலரும்.

அந்த விஷம் இன்னதென்று அவருக்குத் தெரியாமலும் இல்லை. ஆபேலின் மூக்கைப் பார்த்தால் போதும். குரோம் தொட்டி ஆவியில் வருஷக்கணக்காக நின்றதில் அவன் மூக்கின் நடுச்சுவரில் ஓட்டை விழுந்துவிட்டது. கொஞ்சம் வேகமாக மூச்சு விட்டால் மெல்லிசாக விசில் கேட்கும். "எனக்கு மட்டும் ஆண்டவர் புல்லாங்குழல் வெச்சுப் பட்ச்சிகீறார்" என்று அவனே சிரிப்பான். அவன் பெண்டாட்டி ஜென்சி சிரிக்கமாட்டாள்.

தோட்டத்து வாசலில் ஒரு போர்டு இருந்தது. 'செடிக் கழிவுகளை வளாகத்துக்கு வெளியே எடுத்துச் செல்லக் கூடாது.' சிட்டிபாபு அந்த ஒரு வரியைச் சாமி உத்தரவு மாதிரி காப்பாற்றினார். மாட்டுக்கு என்று புல் கேட்டு வந்தவர்களை விரட்டினார். வெட்டின புல் தாளில் ஒரு துண்டு காற்றில் பறந்து வெளியே போனாலும் பின்னாலேயே ஓடி எடுத்து வந்தார்.

பங்குனியில் பழைய தூர்களைப் பிடுங்கிவிட்டுப் புது நாற்று வைக்கச் சொன்னாள் மிருதுளா. பிடுங்கினதையெல்லாம் ஷெட்டில் போட்டுப் பூட்டுங்கள், வண்டி வந்து எடுத்துப் போகும் என்று சொல்லிவிட்டு வேறு ஊருக்கு வேலையாகப் போய்விட்டாள். ஆபேலும் சிட்டிபாபுவும் கடப்பாரை போட்டுக் கிளப்பினார்கள். ஒவ்வொரு தூருக்கும் அடியில் கையளவு நீளத்துக்கு, அடர்த்தியாக, பழுப்பும் சிவப்புமாக வேர். பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தையில் அவர் பெண்டாட்டி பொன்னியம்மாள் வருஷா வருஷம் வாங்கி வருகிற வேர் இதற்குப் பக்கத்தில் நிற்க முடியாது. தண்ணீர் தெளித்ததும் மணம் எழுந்து பட்டறையின் ஆசிட் நாற்றத்தையே அமுக்கியது. குரோம் தொட்டிப் பக்கம் நின்றிருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

தாளை வெட்டிக் கட்டி ஷெட்டில் போட்டுப் பூட்டினார் சிட்டிபாபு. அது கழிவு. ஆனால் வேர்? வெட்டிவேரை எவனாவது கழிவு என்று சொல்வானா? சாமிக்கு மாலை கட்டுகிற பொருள். வெயில் காலத்தில் பானையில் போட்டுக் குடிக்கிற பொருள். வேரைத் தனியாக அறுத்து, மண் போக அலசினார். அலசினது எதில் என்றால், தோட்டத்தின் மறு முனையில் விழுகிற அந்தப் பளிங்குத் தண்ணீரில்தான். மூன்று தரம் அலசி, மொட்டை மாடியில் காய வைத்து, சாக்கில் கட்டி டி.வி.எஸ்.ஸில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனார்.

வீட்டில் தேவதர்ஷினி வந்திருந்தாள். ஒரே மகள். ஏழாம் மாசம் வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்கு வந்தவள். கல்யாணமாகி வெகு நாள் கழித்து ஒன்று தங்கி, அது நாலாம் மாசத்தில் கலைந்து போனது. அப்போது அவள் சுவரைப் பார்த்தபடி கிடந்த கிடையைப் பெற்றவர்கள் மறக்கவில்லை. சிங்கப்பெருமாள் கோவிலுக்கு வேண்டிக்கொண்டு, இது இரண்டாவது. இதிலும் பாடு கொஞ்சமில்லை. சாப்பிட்டால் நெஞ்சை எரித்தது. போர் தண்ணீர் இரும்பு நாறுகிறது, கேன் தண்ணீர் பிளாஸ்டிக் நாறுகிறது என்று குடிக்கவே மாட்டாள். கோடை வெயில் வேறு ஆளைப் பொசுக்கிக்கொண்டிருந்தது.

பொன்னியம்மாள் புதுப் பானை வாங்கி, மணல் பரப்பி உட்கார வைத்து, கேன் தண்ணீரை ஊற்றி ஒரு பிடி வேரைப் போட்டாள். மறு நாள் காலையில் தேவதர்ஷினி ஒரு சொம்பு முழுக்கக் குடித்துவிட்டு, இன்னொரு சொம்பு கேட்டாள். அன்றைக்குத் தின்ன மாங்காய்ப் பச்சடியும் சோறும் வயிற்றிலேயே தங்கின. பொன்னியம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றிலிருந்து அவள் வேலையே மொண்டு கொடுப்பதுதான்.

மிஞ்சின வேரைச் சிட்டிபாபு கட்டுக் கட்டாக்கித் தெருவுக்குக் கொடுத்தார். எதிர்க் காலனியில் இருக்கிற சுப்ரஜா டீச்சருக்கு ஒன்று. டீச்சர் முகர்ந்து பார்த்துவிட்டு, கெமிக்கல் இல்லாத ஒரிஜினல் சரக்கு இந்தக் காலத்தில் எங்கே கிடைக்கிறது என்றாள். ஆட்டோ ஸ்டாண்டில் மோகன்ராஜ் போட்டிருந்த தண்ணீர்ப் பந்தலுக்கு ஒரு பெரிய கட்டு. ஒரு கட்டை மட்டும் பழைய நியூஸ் பேப்பரில் சுற்றி, மிருதுளா வந்தால் கொடுக்கலாம் என்று கம்பெனியிலேயே வைத்திருந்தார்.

வண்டியை அனுப்ப ஜெயகிருஷ்ணன் நாளைக் கடத்திக்கொண்டே வந்தார். ஒரு வழியாக வைகாசி பிறந்து வண்டி வந்தது. கூடவே மிருதுளாவும் வந்தாள். ஷெட்டைத் திறந்து பார்த்தாள்.

"இலையெல்லாம் நீட்டா கட்டி வெச்சிருக்கீங்க அண்ணா. வேர் எங்க?"

"வேரா? அத்த வூட்டுக்கு எட்த்துகினு போய்ட்டேன்மா. வீணாப் பூடுதேன்னு."

"வீட்டுக்கா? எதுக்கு?"

"எதுக்குன்னா... பானைல போடத்தான். உங்களுக்கும் ஒரு கட்டு வெச்சிகீறேன். இருங்க, தரேன்."

பேப்பர்ச் சுருளை எடுத்து வந்து நீட்டினார். மிருதுளா வாங்கவில்லை. தொட்டியின் விளிம்பில் அப்படியே உட்கார்ந்தாள். வெயிலில் சிமெண்ட் சுட்டிருக்கும், அது அவளுக்கு உறைத்ததாகத் தெரியவில்லை.

"அண்ணா, தண்ணில இருந்த குரோம் எங்க போச்சுன்னு நினைச்சீங்க?"

"செடி தின்னுட்ச்சி. நீங்கதான சொன்னீங்க."

"தின்னு எங்க வெச்சிருக்கும்?"

சிட்டிபாபு பேப்பர்ச் சுருளைக் கீழே இறக்கினார். மூன்று வருஷத்தில் இந்தக் கேள்வி அவருக்கு ஒரு தடவைகூட வந்ததில்லை. தின்றது செரித்துப் போய்விடும் என்றுதான் இருந்தார்.

"இலைக்குக் கொஞ்சம்தான் ஏறும். மீதி எல்லாம் வேர்லயே நின்னுடும். அதனாலதான் இந்த பெட்டுக்கு வெட்டிவேரையே செலக்ட் பண்ணோம்."

"போர்டுல வேருன்னு இல்லியேம்மா. கழிவுன்னுதான போட்டுகீது."

"வேரும் கழிவுதான் அண்ணா." வாசலில் இருந்த போர்டைத் திரும்பிப் பார்த்தாள். "நான் வேர்னு தனியா எழுதியிருக்கணும். உங்க வீட்ல யார் குடிச்சாங்க?"

"எம் பொண்ணு. எட்டு மாசம்மா அவுளுக்கு."

ஆபேல் கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்து பக்கத்தில் நின்றிருந்தான். அவன் மூச்சின் விசில் மட்டும் கேட்டது. சிட்டிபாபு அவன் மூக்கைப் பார்த்தார். பார்க்கக் கூடாது என்று நினைத்தும் பார்த்தார்.

என்ன ஆகும் என்று கேட்டதற்கு மிருதுளாவால் நேராகப் பதில் சொல்ல முடியவில்லை. வேரிலிருந்து தண்ணீரில் எவ்வளவு இறங்கியிருக்கும் என்று தெரியாது, ஒன்றும் ஆகாமலும் போகலாம், ஆகாது என்று தன்னால் சத்தியம் பண்ண முடியாது, முதலில் நிறுத்துங்கள், டாக்டரிடம் சொல்லுங்கள் என்றாள். அழுதுவிடுவாள் போலிருந்தது. ஆகும் என்று சொல்லியிருந்தாலாவது சிட்டிபாபு எங்கேயாவது முட்டிக்கொண்டிருப்பார். தெரியாது என்பதை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் என்ன செய்வது?

ஜெயகிருஷ்ணன் சத்தமே போடவில்லை. அறைக்குள் கூப்பிட்டு உட்கார வைத்து, ஃபேனை அவர் பக்கம் திருப்பிவிட்டார்.

"சிட்டிபாபு, தெருவுக்குத் தெரிஞ்சா நாளைக்கே கேட்டைப் பூட்டிடுவாங்க. ஆபேல் எங்க போவான்? இந்த மூக்கை வெச்சுக்கிட்டு வேற எவன் வேலை குடுப்பான்? வேர்ல பூச்சி புடிச்சிருக்குன்னு சொல்லி எல்லார்கிட்டயும் திருப்பி வாங்கிடு. போர்டு இருக்கும்போது எடுத்துட்டுப் போனது நீ. நான் அதைச் சொல்ல மாட்டேன்."

உண்மையைச் சொல்லிவிடுவதுதான் சரி, தானே தெருவுக்கு வந்து விளக்குகிறேன் என்று கூட வந்திருந்த மிருதுளா குறுக்கே சொன்னாள். ஜெயகிருஷ்ணன் அவள் பக்கம் திரும்பி, இந்த ஒரு பெட்டைக் காட்டித்தானே மேடம் நீங்கள் மற்ற கம்பெனிகளுக்குப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள் என்று மெதுவாகக் கேட்டார். ஒரு வழியாக அந்த அறையில் இருந்த மூன்று பேரும் பூச்சிக்குச் சம்மதித்தார்கள்.

ஆட்டோ ஸ்டாண்டில் பந்தல் நிழலில் கூட்டம் நின்றது. சித்தாள் வேலைக்கு வந்த ஒரு பெண் டம்ளரில் மொண்டு குடித்துவிட்டு, மிச்சத்தை இடுப்புக் குழந்தையின் வாயில் வைத்தாள். சிட்டிபாபு வண்டியை ஸ்டாண்டுகூடப் போடாமல் சாய்த்துவிட்டு ஓடினார். டிரம்முக்குள் கைவிட்டு வேர்க்கட்டை எடுத்து, டிரம்மையும் சாய்த்துவிட்டார்.

"யோவ், இன்னாய்யா பேஜாரு பண்றே?" என்றான் மோகன்ராஜ். "லாரித் தண்ணி வர்றதே அபூர்வம்."

"வேர்ல பூச்சி கீதுப்பா."

"பூச்சி இருந்தா மெதக்காதா? காலைலேர்ந்து நான் இத்தத்தான் குட்ச்சிகினு கீறேன். ஒரு பூச்சியும் காணோம். குட்த்துட்டு மனசு மாறிட்ச்சுன்னா சொல்லிட்டுப் போ."

கவிழ்ந்த தண்ணீர் புழுதியில் ஓடி வடிகாலில் இறங்கியது. அந்த வடிகால் எங்கே போகிறது என்று அவருக்குத் தெரியும், ஏரிக்குத்தான். அந்தச் சித்தாள், நல்ல தண்ணீரை இப்படிக் கொட்டலாமா என்று அவரைப் பார்த்துவிட்டுப் போனாள்.

மற்ற வீடுகளிலும் அப்படித்தான். சிலர் சிரித்தார்கள், சிலர் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிறானே என்று முகத்தைச் சுளித்தார்கள். சுப்ரஜா டீச்சர் வீடு பூட்டியிருந்தது. தாம்பரத்தில் தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறாள், நாளைக்குத்தான் வருவாள் என்றார்கள்.

வீட்டுக்கு வந்தபோது தேவதர்ஷினி உள்ளே படுத்திருந்தாள். சிட்டிபாபு பானையைத் தூக்கிக்கொண்டு கொல்லைப் பக்கம் போனார். அப்படியே தலைக்கு மேல் தூக்கினவர், கையை நிறுத்திக்கொண்டார். சூலி இருக்கிற வீட்டில் பானை உடைப்பதா? அது சுடுகாட்டில் செய்கிற காரியம். சரி, கொட்டலாம் என்றால் எங்கே கொட்டுவது? பத்தடியில் போர். பானையை மடியில் வைத்துக்கொண்டு துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார். அந்த மணம் அப்போதும் ஜிலுஜிலுவென்று நன்றாகத்தான் இருந்தது. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

பின்னாலேயே வந்த பொன்னியம்மாளிடம் சொன்னார். அவள் கத்துவாள், மாரில் அடித்துக்கொள்வாள் என்று பயந்திருந்தார். அவள் அதெல்லாம் செய்யவில்லை. தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ கொண்டாந்து போட்ட, அவ்ளோதான். வேணா வேணான்னாலும் மொண்டு மொண்டு குட்த்தது நான்தான்யா."

"டாக்டரம்மாவாண்ட சொல்லணும் பொன்னி."

"நான் தனியாப் பார்த்து சொல்றேன். இவளாண்ட மட்டும் சொல்லாத. போன தபா எப்டிக் கெடந்தாள்னு பார்த்த இல்ல? இப்ப இத்தச் சொன்னா அப்பவே செத்துடுவா."

பூச்சி என்றே மகளிடமும் சொன்னார்கள். பானைத் தண்ணீரைப் பழைய கேனில் ஊற்றி மூடி, வேர்களோடு மறு நாள் கம்பெனிக்கே எடுத்துப் போனார் சிட்டிபாபு. மிச்சத்தை ஏற்ற மறுபடி வந்திருந்த வண்டிக்காரன் வேரைத்தான் ஏற்றிக்கொண்டான், தண்ணீரெல்லாம் தன் கணக்கில் வராது என்றுவிட்டான். சிட்டிபாபு அதைக் கொண்டுபோய்த் தோட்டத்தின் மஞ்சள் முனையில் ஊற்றினார். புது நாற்றுகள் இளசாக, பச்சைப் பசேலென்று நின்றன. வேர் விட ஆரம்பித்திருந்தன. அவருக்கு அவற்றைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

சாயந்திரம் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அந்த மணம் வந்தது. மனப்பிரமை என்று நினைத்துக்கொண்டுதான் உள்ளே நுழைந்தார்.

சுப்ரஜா டீச்சர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தரையில் சுவரில் சாய்ந்து, காலை நீட்டி, தேவதர்ஷினி. கையில் எவர்சில்வர் சொம்பு. நேற்றிலிருந்து வாடிக் கிடந்த முகம் தெளிந்திருந்தது. பொன்னியம்மாள் மருந்துக் கடைக்குப் போயிருந்த நேரம்.

"அப்பா, டீச்சர் வூட்டு வேர்ல பூச்சியே இல்லப்பா. நான்தான் போன் பண்ணிக் கேட்டேன். நேத்திலேர்ந்து தொண்டைல ஒண்ணும் எறங்கல."

"வெயில்ல உதறிக் காய வெச்சுப் பார்த்துட்டேன் சார், ஒரு பூச்சி கிடையாது," என்றாள் டீச்சர். "புள்ளத்தாச்சிப் பொண்ணு ஆசைப்பட்டுக் கேட்டா இல்லைன்னு சொல்லலாமா? அப்படியே கட்டோட எடுத்துட்டு வந்துட்டேன்."

சிட்டிபாபு மகள் எதிரில் போய் உட்கார்ந்தார்.

"அத்தக் கீழ வைம்மா."

"ஏம்ப்பா?"

"அது கம்பெனி வேருமா. பூச்சியில்ல. தோட்டத்துல இர்ந்து புடுங்குன வேரு. தண்ணில இர்ந்த விஷமெல்லாம் அதுலதான் நிக்குமாம். எனக்குத் தெரியாது. நேத்து அந்த மேடம் சொல்லித்தான் தெரியும்."

தேவதர்ஷினி சொம்பைக் கீழே வைத்தாள். சிந்தாமல், நிதானமாக வைத்தாள். அப்போது பொன்னியம்மாள் வந்து வாசலில் நின்றாள். சொம்பைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கையிலிருந்த பையை நிலைப்படியிலேயே வைத்துவிட்டாள்.

"அம்மாவுக்கும் நேத்தே தெரியுமா?"

சிட்டிபாபு தலையசைத்தார்.

"நேத்தே சொல்லியிருந்தா நான் டீச்சருக்குப் போன் பண்ணியிருக்க மாட்டேனேப்பா."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் அவர் தாங்கிக்கொண்டிருப்பார். கணக்கில் ஒரு தப்பைச் சுட்டிக்காட்டுகிற குரலில் சொன்னாள். சுப்ரஜா டீச்சர் எழுந்துவிட்டாள். எங்கள் வீட்டிலும் பசங்கள் குடித்தார்களே என்று பாதி தனக்கும் பாதி அவர்களுக்குமாகச் சொல்லிக்கொண்டே செருப்பைத் தேடினாள். வலது கால் செருப்பை இடது காலில் மாட்டிக்கொண்டு வேகமாகப் படியிறங்கினாள். இனித் தெருவுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. கேட்டும் பூட்டப்படலாம், ஆபேலும் வீட்டில் உட்காரலாம். அதெல்லாம் அந்த நேரத்தில் சிட்டிபாபுவின் மனசில் எங்கோ ஒரு மூலையில்தான் இருந்தது.

தேவதர்ஷினி வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள். புடவைக்கு அடியில் ஒரு பக்கம் லேசாக எழும்பி அடங்கியது. மூன்று பேரும் பார்த்தார்கள். எந்த நாளும் அதைப் பார்த்தால் பொன்னியம்மாள் திருஷ்டி கழிப்பாள். அன்றைக்கு அவள் கை எழவில்லை.

மகள்தான் முதலில் பேசினாள்.

"தாகமா கீதும்மா."

பொன்னியம்மாள் சட்டென்று உள்ளே வந்தாள். அந்தச் சொம்பை ஓரமாகத் தள்ளிவிட்டு வேறு டம்ளரை எடுத்தாள். போர் குழாய் பக்கம் போனாள். நின்றாள். கேன் பக்கம் திரும்பினாள். அந்தக் கேன் தண்ணீரை எந்த ஊரில், எந்தப் பட்டறைக்குப் பக்கத்தில் உறிஞ்சி எடுக்கிறார்களோ, இத்தனை நாளில் அவள் கேட்டதேயில்லை. டம்ளரோடு புருஷன் முகத்தைப் பார்த்தாள்.

"எதுல இர்ந்து குடுக்கட்டும்யா?"

மகள் கையை நீட்டியபடியே இருந்தாள்.